எண்ணாமல் செய்யும் தீங்கு

ஒருவர் எண்ணிச் செய்யாத தீங்கிற்கு அவர் பொறுப்பாளர் ஆவாரா? வகுப்பில் ஒரு பிள்ளையின் சிலேட்டை மற்றொரு பிள்ளை மிதித்து உடைத்துவிட்டால், "வேணும்னு செய்யலை, டீச்சர்" என்ற விடையே முதலில் வரும். பல்லாண்டுகள் அவ்விடையைக் கேட்ட நமக்கு அது பாதி உண்மை என்றே தோன்றியது. உடைக்க எண்ணவில்லை என்பது மெய். பார்த்து நடக்கவில்லை என்பதும் மெய்.

இவ்வினாவை மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் வைத்து எண்ணிப் பார்ப்போம். நாகூரை அடுத்துள்ள நம் கீழவாஞ்சூரில் ஒரு பெண்மணியின் சேலையில் அடுப்புத் தீ பற்றிவிட்டதாகக் கொள்வோம். காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்கும், காயம் பெரிதாயின் புதுவை ஜிப்மருக்கோ தஞ்சைக்கோ அவரைக் கொண்டு செல்ல நேரும். தீ அணைந்துவிட்டது, ஆபத்து நீங்கவில்லை. தோல் உடலின் மதில் போன்றது. அது வெந்துபோன இடத்தில் ஈரமும் இறந்த தசையும் கிருமிகளுக்கு விளைநிலமாகின்றன. இரத்த ஓட்டம் அற்ற அவ்விடத்திற்கு உடலினுள் செலுத்தும் மருந்தும் நன்கு சென்று சேர்வதில்லை. முதல் சில நாட்களைக் கடந்தவர்களுள் பலர் பின்னர் உயிரிழப்பது தொற்றினாலேயே ஆகும்.

சூடோமோனாஸ் என்னும் கிருமி கை கழுவும் தொட்டியின் ஈரத்திலும் வாழ்கிறது. அசினெட்டோபாக்டர் உலர்ந்த கட்டில் கம்பியில்கூடப் பல நாட்கள் உயிரோடிருக்கும். கழுவாத ஒரு கை போதும், அவை ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவரை அடைவதற்கு. இவற்றுள் பல, வலிய மருந்தாகிய கார்பாபெனத்திற்கும் இன்று அடங்குவதில்லை. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று முன்பு ஒதுக்கப்பட்ட கொலிஸ்டினை மருத்துவர்கள் மீண்டும் கையில் எடுக்க நேர்ந்தது.

இந்த வலிமையைக் கிருமிகளுக்குக் கொடுத்தவர் யார்? வைரசால் வரும் சளிக்குப் பயனற்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கேட்டு வாங்கியவர், கேளாமலே எழுதிக் கொடுத்தவர், சீட்டின்றி விற்றவர், மீந்த மாத்திரையை அடுத்த வீட்டிற்குக் கொடுத்தவர் என அனைவருக்கும் அதில் பங்குண்டு. 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் கூடிச் ‘சென்னைப் பிரகடனம்’ கண்டன. வலிய நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவற்றை விற்கும்போது மருத்துவர் பெயரையும் நோயாளியின் பெயரையும் தனி ஏட்டில் பதிய வேண்டும் என்ற விதி 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் விதி கடையோடு நின்றுவிடும். மனம் மாறுதல் வேண்டும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீ 94 பிள்ளைகளின் உயிரைக் கொண்டது. தீயை மூட்ட எவரும் எண்ணவில்லை. எனினும் ஓலைக் கூரைக்கும் குறுகிய வழிக்கும் யார் பொறுப்பு என்று நாடே கேட்டது. அசட்டையும் குற்றமே என்பதை அன்று யாவரும் உணர்ந்தோம். கண்ணுக்குப் புலப்படாத கிருமியால் ஓர் உயிர் போகும்போது மட்டும் அக்கேள்வியை நாம் கேட்பதில்லை.

இம்சையைக் கூறுமிடத்தில் தத்துவார்த்த சூத்திரம் பிரமாதத்தை, அதாவது அசட்டையை, மூலமாக வைக்கிறது. ஐந்து சமிதிகளுள் ஒன்று, பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் கொள்ளும் கவனம். நோயாளியைக் காக்க மருந்தால் கிருமியை அழிப்பது இம்சையன்றோ எனச் சிலர் ஐயுறலாம். இல்லறத்தார்க்குத் தவிர்க்க இயலாத இடத்தில் அதனைச் செய்தலே கடமை. தேவையின்றி மருந்தை வழங்குதல் பிரமாதம். அது அக்கிருமிகளோடு நில்லாமல் பின்னாளில் மனிதரையும் அழிக்கிறது.

இவ்வசட்டையைச் செவிலியர் ஒருவர் மீது சுமத்துதலும் அறமன்று. பலரை ஒருவரே கவனிக்கும்படி விட்டு, போதிய நீரும் சோப்பும் தராத நிர்வாகத்திற்கும் அதில் பங்குண்டு. வெளியிலிருந்து செல்லும் நமக்கும் உண்டு.

ஆகவே, நோயுற்றாரைக் காணச் செல்வோர் கூட்டமாகச் செல்லாதிருப்போமாக, படுக்கையில் அமராதிருப்போமாக, உள்ளே செல்லுமுன்னும் வெளியே வந்தபின்னும் சோப்பிட்டுக் கை கழுவுவோமாக. மருத்துவர் எழுதாத நுண்ணுயிர்க்கொல்லியை வாங்காதிருப்போமாக. "வேண்டுமென்று செய்யவில்லை" என்னும் சொல், வெந்த உடலோடு கிடப்பவர்க்கு எவ்வகையிலும் துணையாகாது.