போலி நகையைச் செப்பனிடுவது தகுமா?

பொன்நகை முறிந்தால் பத்தரிடம் போகிறது. முலாம் நகை முறிந்தால் குப்பைக்குப் போகிறது. இவ்வழக்கம் நம்மவரிடையே கேள்வியற்ற நியாயமாகிவிட்டது. கவரிங் தோடு ஒன்றைக் குறடும் பசையும் கொண்டு செப்பனிட அமரும் பெண்ணைப் பார்த்து, “பித்தளைக்கு இவ்வளவு பாடா?” என்று நகைப்போரும் உளர். அந்நகைப்புக்கு அடியில் இரண்டு எண்ணங்கள் மறைந்திருக்கின்றன. போலி என்பது பொய் என்பது ஒன்று. விலைபோகாத பொருள் உழைப்புக்குத் தகாதது என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் ஆராய்தல் வேண்டும்.

போலி என்ற சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழிலக்கணத்தில் அது பழிச்சொல் அன்று. ஓரெழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வேறோரெழுத்து வந்து நின்றும் பொருள் மாறாதிருந்தால் அதற்குப் போலி என்று பெயர். அறம் என்பது அறன் என்றும் வருகிறது. அதனால் அறம் குறைந்துபோயிற்று என்று எவரும் புலம்பியதில்லை. சிதம்பரத்துக் கவரிங் என்று ஊர்ப்பெயரோடு விளங்கும் நகையை வாங்குபவர், அது பொன்னன்று என்று தெரிந்தே வாங்குகிறார். அங்கே பொய் எங்கே இருக்கிறது? அதையே பொன்னென்று சம்பந்தி வீட்டாரிடம் எண்ணிக் காட்டும்போதுதான் பொய் பிறக்கிறது. அடகுக்கடை மேசைமீது வைக்கும்போது பிறக்கிறது. அக்குற்றம் நாவினுடையது, நகையினுடையதன்று. கலியாணப் பந்தலில் பிறர் கழுத்தை எடைபோடும் கண்கள் இல்லாவிடில் அந்தப் பொய்க்கும் தேவை இராது என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை.

2025 அக்டோபரில் உலகச் சந்தையில் பொன் ஓர் அவுன்சுக்கு 4,000 அமெரிக்க டாலரைக் கடந்தது. அதே ஆண்டில் மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என வகுக்கப்பட்டது. அவ்விலையில் 8 கிராம் கொண்ட ஒரு பவுன், அச்சம்பளம் பெறும் தொழிலாளியின் இரண்டு மாத ஊதியத்தை விழுங்கியும் அடங்காது. அவர் மகள் கவரிங் அணிவதைப் பொய்வேடம் என்பது இரக்கமற்ற பேச்சு.

இனி விலையின் வாதம். பொன் முறிந்தால் அதன் உரு அழிகிறதேயன்றி விலை அழிவதில்லை. நிறுத்து விற்கலாம், உருக்கி வேறொன்றாக வார்க்கலாம். ஆகவேதான் பாட்டியின் அட்டிகை பேத்தியின் கைக்கு வருமுன் பலமுறை உருகிவிடுகிறது; வந்து சேர்வது எடை, அட்டிகையன்று. கவரிங்குக்கோ உருவைத் தவிர வேறு உடைமை இல்லை. அதைச் செப்பனிடுபவர் முதலைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அவர் காப்பது அழகையும், செய்தவனின் கைவேலையையும், கொடுத்தவரின் நினைவையுமே. பொருளின்பாற்பட்ட அன்பு, ஆதாயக் கலப்பின்றி இங்கேதான் காணப்படுகிறது என்பது நமது துணிபு.

அதற்காகும் செலவும் சொற்பமே. இரண்டு சிறு குறடுகள், ஒரு பிடி இணைப்பு வளையங்கள், இருபகுதிகளைக் கலந்து ஒட்டும் எப்பாக்சிப் பசை ஆகியன போதும். வளையத்தை அகல இழுத்தால் வட்டம் கெடும். பக்கவாட்டில் திருப்பித் திறந்து அவ்வாறே மூட வேண்டும். கல் விழுந்த குழியில் பழைய பசையைச் சுரண்டிய பின்பே புதுக்கல்லை வைக்க வேண்டும். நொடியில் ஒட்டும் பசை வேண்டா. அதன் ஆவி கல்மீது வெண்புகையாகப் படியும். பற்றாசு வைப்பதும் ஆகாது. வெப்பம் முலாமைக் கருக்கிக் கண்ணாடிக் கல்லையும் விரியச் செய்யும். இணை தொலைந்த ஜிமிக்கி, சங்கிலியில் கோத்தால் பதக்கமாகும். முலாம் உரிந்த வளையலில் பட்டுநூல் சுற்றினால் சேலையின் நிறத்துக்கு இசைந்த புதுவளையல் கிடைக்கும். அது பொன்னைப் போன்று தோன்ற முயல்வதுமில்லை. இனி அதைப் போலி என்பார் யார்?

எனினும், உடைந்தவை அனைத்தையும் செப்பனிட வேண்டும் என்று நாம் வாதிக்கவில்லை. மலிவான நகைகள் சிலவற்றில் ஈயமும் காட்மியமும் இருப்பது சோதனைகளில் கண்டறியப்பட்டுள்ளது. எதனால் ஆனதென்று தெரியாத துண்டைக் குழந்தையின் கழுத்தில் கட்டலாகாது. குழந்தை அதை வாயில் வைத்துச் சப்பும். காதில் அரிப்பை உண்டாக்கும் தோடு நிக்கல் கலந்ததாயிருக்கலாம். அதன் கல்லை மட்டும் கழற்றிக் கைப்பையில் பதித்துக்கொண்டு உலோகத்தை எறிந்துவிடுவதே நன்று.