அகற்றிய அழுக்கு எங்கே செல்கிறது?

தூய்மை செய்தல் நற்செயல் என்பதை மறுப்பார் இலர். ஆயினும், அழுக்கு நீங்கிய இடத்தைக் கண்டு மகிழும் மனிதன், அது போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்ப்பது அரிது. வீட்டைக் கூட்டிக் குப்பையைத் தெருவில் தள்ளினால் தூய்மை பிறந்ததா, அழுக்கு இடம் மாறியதா? இவ்வினாவைச் சிந்திக்கப் பெரிய தத்துவ நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயே போதும்.

முற்காலத்து ‘டூ-ஸ்ட்ரோக்’ எந்திரங்களில் மசகெண்ணெய் பெட்ரோலுடன் கலந்தே உள்ளே செல்லும். பிஸ்டன் தேயாமல் காப்பது அவ்வெண்ணெய்தான். ஆனால் அது முழுவதும் எரிவதில்லை. ஒரு பகுதி நீலப் புகையாக வெளியேறும்; மற்றொரு பகுதி புகை செல்லும் வாயிலிலும், சைலன்சரின் துளையிட்ட உட்குழாயிலும் கரியாகப் படியும். படியப் படிய வழி குறுகும். மேட்டில் வண்டி திணறும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். இம்மாற்றம் மெல்ல நிகழ்வதால் நாள்தோறும் ஓட்டுபவர் அதனை உணரார்.

பழைய வண்டிகளைப் போற்றுவோர் இக்கரியை அகற்றும் முறைகளை நன்கறிவர். பிஸ்டனின் தலையைக் கீறல் விழாதபடி மரத்துண்டினால் சுரண்டுவர். உட்குழாயைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் தேய்ப்பர். தீயில் காய்ச்சியும் உதிர்ப்பர். இரும்புக் குழாயெனில் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைப்பாரும் உளர். அக்கரைசல் அலுமினியத்தை அரிக்கும். தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். இறுதியில் குழாய் தூய்மையாகிறது; வண்டி பழைய வேகம் பெறுகிறது. ஆனால் வாளியில் எஞ்சிய கரிய நீர்?

சிங்கப்பூரில் தேக்காவுக்கு அருகே, சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தை 2017 சூலை 10 வரை நடைபெற்றது. அதன் அருகே ஓடுவது ரோச்சோர் கால்வாய். அந்நீர் காலாங் வடிநிலம் வழியே மரினா நீர்த்தேக்கத்தை அடைகிறது. 2008-இல் திறக்கப்பெற்ற மரினா அணைக்கட்டு கடல்நீரைத் தடுத்து, அந்நீர்ப்பரப்பை நன்னீர்த் தேக்கமாக்கியது. எனவே அவ்வட்டாரத்தில் ஒருவர் வாளியைச் சாக்கடையில் கவிழ்ப்பாராயின், அவர் கவிழ்ப்பது ஊரார் குடிநீருக்குச் செல்லும் வழியில்தான். சட்டம் அதனைக் குற்றம் என்கிறது. சட்டம் இல்லாவிடினும் அது குற்றமே அன்றோ?

புகைக்கும் இதே நீதி பொருந்தும். 2003 சூலை 1-க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 சூன் 30-க்குப் பின் சாலையில் ஓட இயலாது என்று சிங்கப்பூர் அரசு 2018-இல் அறிவித்தது. பழம்பெரும் வண்டிகளுக்கான தனித் திட்டங்களில் உள்ளவற்றுக்கே விலக்கு. பழமையைப் போற்றுவோர்க்கு இது வருத்தம் தரலாம். எனினும் சாலையோரம் நடக்கும் குழந்தையின் மூச்சுக்கு அவர்தம் பற்றைப் பற்றி என்ன தெரியும்? இன்பம் ஒருவருக்கு, புகை மற்றவருக்கு என்பது நேர்மையான பங்கீடு ஆகாது.

மனிதர் உள்ளத்திலும் கரி படிகிறது. அவமதிப்பும் ஏமாற்றமும் நாள்தோறும் சிறிது சிறிதாகப் படிகின்றன. ஒருநாள் அவற்றை எவரிடமேனும் கொட்டிவிட்டு, ‘மனம் லேசாயிற்று’ என்கிறோம். வீட்டில் எழுந்த சினத்தை வகுப்பறையில் கொட்டும் ஆசிரியர் அமைதியுடன் திரும்புகிறார். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் அதனைச் சுமந்துகொண்டு வீடு செல்கிறான். ஆசிரியரின் உள்ளம் தூய்மையானது உண்மைதான். ஆனால் கரி எங்கே சென்றது?

அங்ஙனமாயின் உள்ளேயே அடக்கி வைப்பதா என்று கேட்கலாம். அதுவும் தகாது, அடைபட்ட குழாய் எந்திரத்தையே முடக்கும். நல்ல தொழிலாளி செய்வது வேறு. சுரண்டிய கரியைத் தாளில் சேர்த்துக் கட்டுவார். கழிவுநீரை மூடிய கலத்தில் வைத்து, உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைப்பார். அளவுக்கு மீறிய எண்ணெயே மிகுந்த கரிக்குக் காரணமெனில், அடுத்த முறை கலவையைத் திருத்துவார். உள்ளக் கரிக்கும் வழி இதுவே. குறையை அதற்குரியவரிடம், உரிய சொல்லால் கூறுதல் வேண்டும்; தொடர்பற்றவர்மேல் ஏற்றலாகாது; அது எதனால் படிந்தது என்பதைத் தன்னுள்ளேயே தேடுதல் வேண்டும்.

துடைத்த இடம் பளபளப்பதால் மட்டும் தூய்மை நிறைவுறாது. துடைத்த அழுக்குக்கும் ஒருவர் பொறுப்பேற்கும்போதுதான் அது அறமாகிறது.