பட்டதை மறைக்காதே!

திட்டக்குடிப் பேருந்து நிலையத்தில் விடியும் முன்பே சென்னைப் பேருந்துக்குக் காத்து நிற்கும் தம்பி, தங்கையே, உன்னோடுதான் பேசுகிறேன். உன் கைப்பையில் சான்றிதழ்கள் இருக்கின்றன. மேலே இரண்டு பக்க பயோடேட்டா இருக்கிறது. அதில் பட்டம் இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது, கணினிப் பயிற்சி இருக்கிறது. நீ மட்டும் இல்லை!

அம்மாவோடு பருத்தி எடுக்கப் போனாயே, அது எங்கே? கல்லூரி விடுமுறையில் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் அகல் விளக்கும் ஃபியூஸ் கேரியரும் அடுக்கினாயே, அது எங்கே? அப்பா வெளிநாட்டுக்குப் போன பிறகு வீட்டுக் கணக்கையும் கடன் தவணையையும் பதினாறு வயதில் தூக்கிச் சுமந்தாயே, அது எங்கே? எல்லாவற்றையும் வீட்டுக்குள் பூட்டிவிட்டு நேர்காணலுக்குப் போகிறாய். "அதெல்லாம் சொல்லாதப்பா, மட்டமா நெனப்பாங்க" என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாய்.

மட்டமாக நினைப்பவர் நினைத்துவிட்டுப் போகட்டும். உழைத்ததற்காக நீ ஏன் கூசுகிறாய்? பள்ளியில் இருக்க வேண்டிய வயதில் வயலுக்குப் போக நேர்ந்திருந்தால் அது அநியாயம். அந்த அநியாயத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அது உன்னிடமிருந்து பறித்துக்கொண்டது போக உன் கையில் மிஞ்சியது ஒன்று உண்டே, அது உன் சொத்து. அதையும் ஏன் விட்டெறிகிறாய்?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நெருப்பில் வெந்தால்தான் மண் பீங்கானாகும், துன்பத்தில் வெந்தால்தான் மனிதன் மனிதனாவான் என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். சூளை வைத்திருப்பவரிடம் இதைச் சொல்லிப் பார். ஈரம் காயாத மண்ணை அவசரமாகச் சூடேற்றினால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அதை வெடிக்க வைத்துவிடும் என்பார். மேற்பூச்சு மெருகும் உள்ளிருக்கும் மண்ணும் ஒத்துச் சுருங்காவிட்டால் விரிசல் விழும் என்பார். அதே நெருப்பிலிருந்து விளக்கும் வருகிறது, உடைசலும் வருகிறது. ஆகவே நீ கஷ்டப்பட்டாய் என்பது மட்டும் உன்னை எங்கும் கொண்டு சேர்க்காது. பட்டதில் என்ன கவனித்தாய், எதைக் குறித்துக்கொண்டாய், எதை மாற்றிப் பார்த்தாய்? அங்கேதான் தொழில் தொடங்குகிறது.

பீங்கான் உலகத்திலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. இங்கிலாந்தின் பர்ஸ்லெம் ஊரில் 1730-இல் பிறந்த ஜோசையா வெட்ஜ்வுட், குயவர் வீட்டுப் பிள்ளை. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். பெரியம்மை வந்து உயிர் பிழைத்தார், ஆனால் வலது முழங்கால் பலவீனமாகிவிட்டது. அந்தக் காலத்தில் குயவர் சக்கரத்தைக் காலால் மிதித்துச் சுழற்ற வேண்டும். மிதிக்கும் கால் போனால் குயவனுக்கு என்ன மிச்சம்? வெட்ஜ்வுட் மண்ணின் பக்கம் திரும்பினார். எந்த மண்ணோடு எதைக் கலந்தால் என்ன நிறம் வரும், எந்தச் சூட்டில் எது உருகும் என்று சோதித்தார். ஒவ்வொரு சோதனைக்கும் எண் கொடுத்து நோட்டில் எழுதி வைத்தார். ஒன்றல்ல, பத்தல்ல, ஆயிரக்கணக்கான சோதனைகள்! 1768-இல் அந்தக் காலையே வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகும் அவர் நோட்டை மூடவில்லை. சூளைக்குள் எவ்வளவு வெப்பம் என்று அளக்கக் கருவி இல்லாத காலத்தில், களிமண் துண்டு எவ்வளவு சுருங்குகிறது என்பதைக் கொண்டே வெப்பத்தை அளக்க ஒரு வழி கண்டுபிடித்தார். 1783-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. கால் போன கதையைச் சொல்லி அவர் யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை. சக்கரத்தில் உட்கார முடியாமல் போனது, மற்றக் குயவர்கள் பார்க்காத பக்கத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது. நின்ற இடத்திலிருந்து அவர் பார்த்தார், எழுதினார். அவ்வளவுதான்.

வெள்ளைக்காரர் கதை நமக்கெதற்கு என்கிறாயா? கோவைக்கு வா.

அருணாசலம் முருகானந்தம் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. தந்தை விபத்தில் இறந்தார், தாய் கூலி வேலைக்குப் போனார், பிள்ளை 14 வயதில் படிப்பை நிறுத்தினார். வெல்டிங் பட்டறையில் எடுபிடியாகத் தொடங்கி இரும்பு வேலை கற்றார். 1998-இல் திருமணம். மனைவி மாதவிடாய்க்குப் பழைய துணியை மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்துக் கேட்டார். நாப்கின் வாங்கினால் வீட்டுக்குப் பால் வாங்கக் காசிருக்காது என்றார் மனைவி. எத்தனை ஆண்கள் அந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பார்கள்! முருகானந்தம் திரும்பவில்லை. பஞ்சை வாங்கிச் செய்து பார்த்தார், தோற்றார். சோதித்துச் சொல்லப் பெண்கள் முன்வரவில்லை. கால்பந்தின் உள்பையில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தன் உடம்பிலேயே கட்டிக்கொண்டு நடந்தார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. மனைவி பிரிந்து போனார், தாயும் வீட்டை விட்டுப் போனார். பெரிய கம்பெனிகள் பயன்படுத்துவது வெறும் பஞ்சல்ல, மரக்கூழிலிருந்து எடுக்கும் நார் என்று கண்டுபிடிக்கவே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதைச் செய்யும் வெளிநாட்டு இயந்திரத்தின் விலையோ கோடிக்கணக்கில்!

இங்கேதான் நீ காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். அந்த விலையைக் கேட்டதும் படித்தவர் பலர் பின்வாங்கியிருப்பார்கள். வெல்டிங் பட்டறையில் வளர்ந்தவருக்கு எந்த இயந்திரமும் கடைசியில் இரும்புதான். பிரித்துப் பார்க்கலாம், வெட்டலாம், ஒட்டலாம். நாரை உதிர்ப்பது, அழுத்துவது, துணி சுற்றி ஒட்டுவது, புற ஊதாக் கதிரில் கிருமி நீக்குவது என்று வேலையை நான்காக உடைத்தார். 65,000 ரூபாய் அளவில் இயந்திரத்தைச் செய்து முடித்தார். கேள்வியை அவருக்கு வீடு கொடுத்தது, விடையைப் பட்டறை கொடுத்தது. இரண்டுமே அவர் வெட்கப்பட்டு மறைத்திருக்கக்கூடிய இடங்கள்! இயந்திரத்தைப் பெரிய கம்பெனிக்கு விற்காமல் மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் கொண்டுபோனார். தாயின் கூலியில் வளர்ந்தவருக்கு அது யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்திருந்தது. மனைவியும் திரும்பி வந்தார். 2016-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நம் கடலூர் மாவட்டத்துக்காரரும் ஒருவர் இருந்தார். மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த எழுத்தாளர் ஜெயகாந்தன் தொடக்கப் பள்ளிக்கு மேல் படிக்கவில்லை. அச்சகத்தில் வேலை பார்த்தார், தெருவில் சுற்றினார், குடிசைவாசிகளோடு பழகினார். அவர்களையே தமிழ் இலக்கியத்தின் நடுக்கூடத்தில் உட்கார வைத்தார். 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவரைத் தேடி வந்தது.

இனி உன் பக்கம் வருவோம். இன்றிரவே ஒரு நோட்டை எடு. நீ செய்த வேலைகளை எழுது, ஆனால் "கஷ்டப்பட்டேன்" என்ற சொல்லைப் பயன்படுத்தாதே. நடவுக்கு எத்தனை ஆட்களைத் திரட்டினாய், கூலியை எப்படிப் பிரித்தாய், சண்டை வந்தபோது யாரிடம் என்ன பேசினாய் என்று எழுது. அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் எந்த இடத்தில் அடிக்கடி விரிசல் வந்தது, எதனால் வந்தது என்று எழுது. படுத்த படுக்கையாக இருந்த பாட்டிக்கு எந்த நேரத்தில் எந்த மாத்திரை கொடுத்தாய், எந்த அறிகுறியைப் பார்த்து மருத்துவமனைக்கு ஓடினாய் என்று எழுது. எழுதி முடித்ததும் படித்துப் பார். ஆட்களை நடத்துவது, தரம் பார்ப்பது, நோயாளியைக் கவனிப்பது எல்லாம் அதற்குள் இருக்கும். அவற்றைத்தான் கம்பெனிகள் சம்பளம் கொடுத்துத் தேடுகின்றன.

எல்லாவற்றையும் எல்லோரிடமும் கொட்ட வேண்டியதில்லை. ஆறாத புண்ணை நேர்காணல் மேசையில் திறந்து காட்டாதே. அவர்கள் கண் கலங்குவதால் உனக்கு வேலை கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. நீ கொண்டுபோக வேண்டியது, செய்ததும் அறிந்ததும் மட்டும்.

வேலை கிடைத்ததோடு இது முடிந்துவிடவும் இல்லை. நீ வங்கியில் சேரலாம். கரும்புப் பணம் தாமதமானால் வீட்டில் என்னென்ன நின்றுபோகும் என்று உனக்குத் தெரியும். நம் பகுதி வெலிங்டன் ஏரி நிரம்பாத ஆண்டில் எந்தத் தவணை தப்பும் என்று உனக்குத் தெரியும். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து கிராமத்துக்குக் கடன் திட்டம் தீட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள். மாதத் தவணை என்று எழுதுகிறார்கள். அறுவடைக்கு அறுவடைதான் பணம் வரும் வீட்டில் மாதத் தவணை எங்கிருந்து வரும்? அந்த அறையில் அது தெரிந்தவர் நீ ஒருவர்தான். நீ புதியவர், சிறியவர், ஆங்கிலம் தடுமாறும், எல்லாம் சரி. கையை உயர்த்து! "சார், எங்க ஊர்ல இப்படி நடக்காது, ஏன்னு சொல்றேன்" என்று தொடங்கு. உட்காரச் சொன்னால் உட்காராதே, முழுதாகச் சொல்லி முடி!