கடமையும் மௌனமும்

2022 செப்டெம்பர் 6ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் பல்மோரல் மாளிகையில் எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்றை வாசகர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். 96 வயது மூதாட்டி ஒருவர் கைத்தடியை ஊன்றி நின்றபடி புதிய பிரதமர் லிஸ் ட்ரஸ்ஸுக்குக் கை கொடுக்கிறார். புறங்கை கன்றிக் கருநீலமாய்த் தெரிகிறது. இரண்டு நாள் கழித்து இரண்டாம் எலிசபெத் மகாராணி காலமானார். சேர்ச்சிலிலிருந்து எண்ணினால் ட்ரஸ் அவரது 15ஆவது பிரதமர்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு மரியாதை தோன்றியது. கூடவே ஒரு கூச்சமும் வந்தது. நமது முன்னோரை ஆண்ட முடியல்லவா அது? அதைத் தரித்திருந்தவரின் கடமையுணர்வை நாம் மெச்சலாமா?

1947 ஏப்ரல் 21ஆம் திகதி, தமது 21ஆவது பிறந்த நாளில், கேப் டவுனிலிருந்து வானொலியில் பேசிய அந்த இளவரசி தமது ஆயுள் முழுவதையும் பேரரசுக் குடும்பத்தின் சேவைக்கு அளிப்பதாக வாக்களித்தார். நான்கு மாதங்களில் இந்தியாவும் பாகிஸ்தானும் விடுபட்டன. அடுத்த பெப்ரவரியில் நாமும் விடுபட்டோம். எந்தப் பேரரசுக்காக வாக்குக் கொடுக்கப்பட்டதோ அது கரைந்துபோக, வாக்கு மட்டும் எஞ்சியது. 1952இல் கென்யாவில் இருந்தபோது முடி அவரை வந்தடைந்தது. அதன்பின் 70 ஆண்டுகள், அரச ஆவணங்கள் அடங்கிய சிவப்புப் பெட்டி ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் அவரது மேசைக்கு வந்தது. படித்து ஒப்பமிட வேண்டும். கைதட்ட ஆளில்லாத வேலை. பாடசாலை வரவு இடாப்பில் சிவப்புக் கோடு கீறப்படுமுன் ஒப்பமிட்டுவிட்டு மூச்சுவிடும் எங்களுக்கு இது சும்மா காரியமல்ல. (ஒப்பமிட்ட கையோடு வகுப்புக்குப் போகிறோமா என்பது வேறு கேள்வி.)

அரண்மனையும் பரிவாரமும் இருந்தால் யாருக்குத்தான் கடமை செய்ய முடியாது என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதே அரண்மனையும் பரிவாரமும் அவரது பெரியப்பா எட்டாம் எட்வேர்ட்டுக்கும் இருந்தன. அவர் 1936இல், ஓர் ஆண்டுகூட நிறையாமல், முடியைத் துறந்து போனார். வசதி கடமையைத் தந்துவிடுவதில்லை.

வலுவான ஆட்சேபனை வேறொன்று. 1972 மே 22 வரை அவர் இலங்கைக்கும் மகாராணி. 1954இல் இங்கு வந்து, முடிசூட்டு விழா அங்கியை அணிந்தே நமது பாராளுமன்றத்தைத் திறந்து வைத்தார். அந்தப் பாராளுமன்றந்தான் 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை இயற்றியது. அதற்கு அங்கீகாரம் அளித்தது மகாராணியின் பிரதிநிதியான மகாதேசாதிபதி. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நமக்கு அந்தச் சட்டம் என்ன செய்தது என்பதை இந்த ஏட்டின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர் தடுத்திருக்கலாமா? முடியாது. மக்கள் தெரிந்த சபையை முடி மறுப்பதுதான் பெரிய அநீதியாகியிருக்கும். ஆக, அவரது கடமையே பேசாதிருப்பதுதான். 1981இல், சர்வசன வாக்குரிமையின் 50 ஆண்டு நிறைவுக்கு இரண்டாம் முறை வந்தபோது அவர் நமக்கு விருந்தாளி மட்டுமே.

ஆட்சியை அமானிதம் என்று கற்றவர்கள் நாம். உமர் (ரலி) அவர்கள் பசித்த பிள்ளைகளுக்காக மாவு மூட்டையைத் தமது முதுகில் சுமந்து போன வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள். அங்கே அதிகாரத்தோடு கூடிய கடமை. இங்கே அதிகாரம் கழற்றப்பட்ட கடமை. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க நான் துணியமாட்டேன். செயலின் மதிப்பு நிய்யத்தில் இருக்கிறது என்றால், அதுவும் நமக்குத் தெரியாத ஒன்று. ஆனால் ஓர் ஐயம் தீரவில்லை. பதவி கேட்டதையெல்லாம் செய்து முடித்த ஒருவர், மனிதராகச் செய்ய வேண்டியதைத் தவறவிடக் கூடுமா?

கூடும் என்பதற்கு அவரது வாழ்விலேயே சான்று உண்டு. 1966 ஒக்டோபர் 21, வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமம். சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி எழுந்த குன்று மழையில் ஊறிச் சரிந்து பாடசாலையை மூடிவிட்டது. பிள்ளைகள் காலையில் வகுப்பில் வந்து அமர்ந்த நேரம். 144 பேர் மாண்டனர். அவர்களில் 116 பேர் பிள்ளைகள். ஓர் ஆசிரியனால் இந்த எண்ணைக் கடந்து அடுத்த வரிக்குப் போக முடிவதில்லை. மகாராணி உடனே போகவில்லை. 8 நாட்களின் பின்னரே போனார். தாம் போனால் மீட்புப் பணிக்கு இடையூறாகும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. நியாயமான காரணந்தான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அந்த நியாயத்தால் என்ன பயன்? அந்தத் தாமதத்துக்காக அவர் பின்னாளில் வருந்தினார் என்று அவருக்கு நெருக்கமாகப் பணியாற்றியவர்கள் கூறியுள்ளனர்.

என் மரியாதை அதிகம் போய்ச் சேர்வது இதன் பிறகு நடந்தவற்றுக்கே. அவர் 1973இல் மீண்டும் அபர்ஃபானுக்குப் போனார். 1997இல் போனார். எந்த யாப்பும் அவரைப் போகச் சொல்லவில்லை. கடைசியாக 2012 ஏப்ரலில் போனது, அங்கு கட்டப்பட்ட புதிய ஆரம்பப் பாடசாலையைத் திறந்து வைக்க. அப்போது அவருக்கு வயது 86.