சோவார் சின்ன ஊர்தான்



இந்த வாரம் வார நாள் திருப்பலியில், தொடக்க நூல் 13ஆம் பிரிவில் ஆபிராமும் லோத்தும் பிரிந்த பகுதி வாசிக்கப்பட்டது. காலை ஆறரைப் பூசைக்கு வரும் பதினைந்து பேர் அதைக் கேட்டார்கள். மற்றவர்களுக்காக இன்று அதையே எடுத்துக்கொள்கிறேன். அன்று மாலையே நம் பங்கைச் சேர்ந்த ஒரு கணவனும் மனைவியும் என்னைப் பார்க்க வந்ததுதான் அதற்குக் காரணம்.

கணவருக்குச் சென்னை ஓஎம்ஆரில் வேலை. மனைவி தனியார் மருத்துவமனையில் செவிலியர். பிள்ளைகள் இரண்டு பேர். வாடகை வருடாவருடம் ஏறுகிறது. மழைக்காலம் வந்தால் வண்டியை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்த வேண்டியிருக்கிறது. 2015 வெள்ளத்தையும் பார்த்துவிட்டார்கள், 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்துவிட்டார்கள். நடுவில் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றவர்களும் இவர்கள்தான். திருச்சி காட்டூரில் மனைவியின் அம்மா தனியாக இருக்கிறார். "திருச்சிக்கே போயிடலாமா ஃபாதர்?" என்று கணவர் கேட்டார். நான் அவர் மனைவியைப் பார்த்தேன். "அவரு முடிவு பண்ணிட்டாரு ஃபாதர். உங்க வாயால ஒரு 'ஆமா' வேணும், அவ்வளவுதான்" என்றார்.

இதே யோசனையோடு இங்கே இன்னும் பலர் அமர்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சிலருக்கு மதுரை, சிலருக்கு தூத்துக்குடி, சிலருக்கு திண்டுக்கல். போ என்றோ போகாதே என்றோ சொல்ல எனக்கு உரிமையில்லை. லோத்தைப் பற்றிப் பேசலாம்.

மந்தை பெருகிவிட்டது, இரண்டு குடும்பத்துக்கும் மேய்ச்சல் நிலம் போதவில்லை. மேய்ப்பர்களுக்குள் சண்டை. வயதில் மூத்தவர் ஆபிராம். அவர்தான் முதலில் தேர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவர், நீ இடப்பக்கம் போனால் நான் வலப்பக்கம் போகிறேன் என்று சகோதரன் மகனிடமே விட்டுவிடுகிறார். லோத்து கண்களை உயர்த்திப் பார்க்கிறான். யோர்தான் சமவெளி பச்சைப் பசேலென்று தெரிகிறது. தண்ணீர் இருக்கிறது, பணம் இருக்கிறது, நகரங்கள் இருக்கின்றன. முதலில் சோதோமுக்கு அருகில் கூடாரம் போடுகிறான். ஆறு பிரிவுகள் தள்ளி 19ஆம் பிரிவில் பார்த்தால், நகரத்து வாயிலில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் இருந்தவன் உள்ளே வந்துவிட்டான். நம்மில் பலரும் சென்னைக்கு இப்படித்தான் வந்தோம். ரெண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்து வந்தவர்கள்தானே?

இந்தக் கதையில் யாரும் கவனிக்காத ஊர் ஒன்று இருக்கிறது. சோதோம் அழியப்போகிறது, மலைக்கு ஓடு என்கிறார் வானதூதர். மலை வேண்டாம், அதோ ஒரு சின்ன ஊர் இருக்கிறது, அங்கே போகிறேன் என்று லோத்து கெஞ்சுகிறான். சின்ன ஊர்தானே, சின்ன ஊர்தானே என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். அதனால்தான் அதற்குச் சோவார் என்று பெயர். அந்தச் சொல்லுக்குச் 'சிறியது' என்றே பொருள். கடவுளும் சரி என்கிறார், அந்த ஊர் தப்பிக்கிறது. ஆனால் லோத்து அங்கே நிலைக்கவில்லை. சோவாரில் இருக்கவும் பயந்து, இரண்டு மகள்களோடு மலையேறிக் குகைக்குள் போய் ஒடுங்குகிறான். சோவார் அவனுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. பயத்தைக் கையோடு எடுத்துப் போனவன் அவன்.

லோத்தின் மனைவி? திரும்பிப் பார்த்து உப்புத் தூணானவள் என்று அவளைச் சுலபமாகக் குறை சொல்கிறோம். 13ஆம் பிரிவில் சமவெளியைத் தேர்ந்த அன்று அவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று தேடிப் பாருங்கள். அவள் பேச்சே அங்கு இல்லை. வீட்டில் கேட்காமல் மூட்டை கட்டுகிற ஆண்கள் அந்தத் தூணை நினைத்துக்கொள்ளலாம்.

ஆபிராமுக்கு அந்தப் பெருந்தன்மை எப்படி வந்தது? அவரும் ஒருமுறை பயந்து ஊர் மாறியவர்தான். பஞ்சம் வந்ததும் எகிப்துக்குப் போனார். அங்கே உயிருக்குப் பயந்து மனைவியைச் சகோதரி என்று சொன்னார். செக்கேமில் அவர் பலிபீடம் கட்டினார், பெத்தேலுக்கு அருகில் கட்டினார், பிறகு எபிரோனிலும் கட்டினார். எகிப்தில் கட்டியதாக மட்டும் ஒரு வரிகூட இல்லை. பஞ்சத்தில் பிழைக்கப் போனது தப்பில்லை. பயம் முன்னால் நடந்தபோது பலிபீடத்துக்கு நேரமில்லாமல் போயிற்று, அவ்வளவுதான். அங்கிருந்து திரும்பி, பெத்தேலில் தான் கட்டிய பழைய பீடத்தின் முன் மறுபடி நின்ற பிறகே, நீ முதலில் எடுத்துக்கொள் என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது. எந்தப் பக்கம் கிடைத்தாலும் வாழலாம் என்கிற மனது அது.

லொயோலா புனித இஞ்ஞாசியார் தேடியதும் அந்த மனதைத்தான். அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் ஒப்புதல் தந்தார். முடிவெடுப்பது பற்றி அதில் இஞ்ஞாசியார் சொல்லும் வழிகள் ரொம்ப நடைமுறையானவை. உள்ளம் வறண்டு இருண்டு கிடக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்கிறார். இதை நம் ஊருக்குப் பொருத்தினால், தண்ணீர் வீட்டுக்குள் நிற்கும் இரவில் வீட்டை மாற்றத் தீர்மானிக்காதீர்கள், தண்ணீர் வடியட்டும். முன்பின் தெரியாத ஒருவன் உன்னிடம் இதே கேள்வியோடு வந்தால் என்ன சொல்வாய் என்று யோசி என்கிறார். சாகும் நேரத்தில் எந்த முடிவை எடுத்திருக்க விரும்புவாய் என்றும் கேட்கிறார்.  

அதோடு கணக்கும் போட வேண்டும். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட மாட்டானா என்று ஆண்டவர் லூக்கா நற்செய்தியில் கேட்கிறார். அந்தக் கணவர் வாடகையை மட்டும் எழுதிக்கொண்டு வந்திருந்தார். தாளைத் திருப்பி, மனைவியின் சம்பளம் திருச்சியில் எவ்வளவு இறங்கும் என்று எழுதச் சொன்னேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதைக் கடிதமாகத் தருவார்களா? இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்கு என்ன ஆகும்? இங்கே சிகிச்சை பெறும் கணவரின் அம்மாவைத் திருச்சி அரசு மருத்துவமனையில் காட்டலாமா? அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் மனைவிதான் சொன்னார். காட்டூரில் தனியாக இருக்கும் தன் தாயைப் பற்றியும் அப்போதுதான் பேசினார், நிறையப் பேசினார். அதுவரை அந்தத் தாளில் அந்தப் பாட்டிக்கு ஒரு வரிகூட இல்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் போனால் எந்த ஊரும் நல்ல ஊர்தான். அதனால் காலாண்டு விடுமுறையில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பிடித்துப் போய், விருந்தாளியாக அல்லாமல் குடியிருப்பவர்களாக இருந்து பாருங்கள் என்றேன். வெயிலில் டவுன் பஸ் ஏறுங்கள். ஞாயிறு பூசைக்கு யாருக்கும் தெரியாத முகமாகப் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்காருங்கள். திரும்பி வந்து இருவரும் தனித்தனித் தாளில் எழுதுங்கள்.

வாசல் வரை போனவர் திரும்பி, "போறதா முடிவானா ஞானஸ்நானச் சான்றிதழ் எத்தனை நாள்ல தருவீங்க ஃபாதர்?" என்று கேட்டார். மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தார். "முதல்ல டிக்கெட் போடுங்க" என்றார்.

எழுந்து நின்று நம்பிக்கை அறிக்கையைச் சொல்வோம்.