பெயரிடும் உரிமை யாருக்கு?

மனிதனுக்கு மனிதன் செய்யும் கொடுமைகளில் அடியையும் பட்டினியையும் நாம் கணக்கில் எடுத்துக் கொள்கிறோம். ஒருவனுக்குத் தகாத பெயரொன்றைச் சூட்டி, அப்பெயராலேயே அவன் வாயை அடைத்து விடுவதை நாம் கொடுமையென்றே மதிப்பதில்லை. இதைப்பற்றி எழுத வேண்டுமென்ற எண்ணம் நமக்கு உண்டானது ஒரு பாரத்தினால்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இன்று வேலை செய்வோரில் பலர் வங்காளதேசத்தாரும் நேப்பாளியருமாவர் என்பதை அன்பர்கள் அறிவார்கள். எப்பொழுதாவது செமாய் வகுப்புப் பூர்வகுடியினர் ஒருவர் இருவர் வேலை கேட்டு வருவதும் உண்டு. அப்படி வந்த ஒரு பெரியவருக்கு நாம் பாரம் எழுதினோம். பெயர், வயது, கம்பம் எல்லாம் எழுதியாயிற்று. மதம் என்னும் கட்டத்துக்கு வந்ததும், அவரைக் கேளாமலே ‘இல்லை’ என்று எழுதி விட்டோம். கேட்க வேண்டுமென்று நமக்குத் தோன்றவேயில்லை. “அங்கே என்ன எழுதினீர், கிராணி?” என்றார். சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “எங்கள் பிள்ளைகள் மிருகத்தைக் கண்டு கேலியாய்ச் சிரித்தால் நாங்கள் கண்டிக்கிறோம், இடி வரும் என்கிறோம். அதெல்லாம் ஒன்றுமில்லையா?” என்று மலாயில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நமக்குத்தான் பேனா ஓடவில்லை.

செமாய் மக்களிடம் கோயில் இல்லை, வேத புஸ்தகம் இல்லை. ஆனால் ஆவிகளோடு பேசி நோய் தீர்ப்பவர் உண்டு; விலக்கு உண்டு; இடிக்கு அஞ்சும் பயபக்தி உண்டு. சண்டையை வெறுப்பதில் அவர்களுக்கு இணையில்லை என்பதனால், ராபர்ட் டென்டன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1968-இல் அவர்களைப்பற்றி எழுதிய நூலுக்கு ‘வன்முறையறியா மக்கள்’ என்ற கருத்துப்பட நாமகரணம் செய்தார். மிருகத்தைக்கூடப் பரிகாசம் செய்யலாகாது என்னும் இவர்களை, நம் லயங்களில் ‘சக்காய்’ என்று பரிகாசமாக அழைத்து வந்தோம். அச்சொல்லுக்கு அடிமை என்ற பொருள் உண்டென்பதை எத்தனை பேர் யோசித்தோம்?

ஆங்கிலம் படித்தவர்கள் இதைவிட நாகரிகமாகச் செய்தார்கள். ஸ்கீட், பிளாக்டன் என்ற இருவர் 1906-இல் இரண்டு பாகங்களாக வெளியிட்ட பெரிய நூலின் பெயர், ‘பேகன் ரேஸஸ் ஆப் தி மலே பெனின்ஸுலா’. பேகன் என்பதன் லத்தீன் மூலத்துக்கு நாட்டுப்புறத்தான் என்று பொருள். நம் வழக்கில் சொன்னால் பட்டிக்காட்டான். பட்டணத்தான் கொண்ட மதம் மதம், பட்டிக்காட்டான் கொண்டது அறியாமை! நமக்கும் இதே மரியாதை நடந்ததுண்டு. திருநெல்வேலிச் சீமையில் எளிய ஜனங்கள் கும்பிட்ட தெய்வங்களை 1849-இல் கால்டுவெல் பாதிரியார் பேய் வழிபாடென்று எழுதினார். (திராவிட மொழிகளின் பெருமையை உலகுக்குக் காட்டிய அதே கால்டுவெல்தான், பெரியவர்களும் ஓரிடத்தில் கண்ணை மூடிக் கொள்வதுண்டு.) நம் முப்பாட்டன்மார் கப்பலேறும்போது நெஞ்சில் வைத்துக் கொண்டுவந்த முனியாண்டியும் மதுரை வீரனும் இந்தக் கணக்குப்படி பேகன் தெய்வங்களே.

இங்கே சீர்திருத்த அன்பர் ஒருவர் குறுக்கிட்டு, “கிடாவெட்டையும் பூசாரியின் புரட்டையும் கண்டித்த நீர், இப்பொழுது மூடநம்பிக்கைக்கு வக்காலத்து வாங்குகிறீரா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாமும் சில நாள் இதை யோசித்தோம். ஒருவன் நம்பிக்கையைத் தவறென்று சொல்வது வேறு. அவனுக்கு நம்பிக்கையே இல்லையென்று எழுதி விடுவது வேறு. முன்னதற்கு அவன் பதில் சொல்லலாம், நம்மையும் திருத்தலாம். பின்னதில் அவன் ஆளாகவே கணக்கில் வருவதில்லை. முனியாண்டியைக் கண்டிக்கும் உரிமை நமக்குண்டு. அவனைக் கும்பிடுகிறவனின் கட்டத்தில் அவன் சொல்லாததை எழுதும் உரிமை நமக்கு ஏது?

இதே வித்தை அரசியலில் எப்படி நடக்கிறதென்று பார்ப்போம். 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. காட்டில் இருந்தவர்களை வெள்ளைக்கார சர்க்கார் முதலில் கொள்ளைக்காரர் என்றது. 1952 முதல் கம்யூனிஸ்டுப் பயங்கரவாதி என்றது. தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டவனையும் அதே கண் கொண்டு பார்த்தார்கள். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத் தலைவராயிருந்த எஸ்.ஏ. கணபதியை, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-இல் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். பூர்வகுடிகளின் கதியோ இன்னும் பரிதாபம். காட்டிலிருப்பவருக்குச் சோறிடுகிறவர்கள் என்ற சந்தேகத்தால் அவர்களைப் பெயர்த்து முகாம்களில் அடைத்தார்கள். பலர் அங்கே மாண்டார்கள். எந்தக் கட்சியென்று அவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

வெள்ளைக்காரன் போனபின் இவ்வழக்கம் போய்விடவில்லை. 2007 நவம்பர் 25-இல் ஹிண்ட்ராப் அழைப்பில் கோலாலம்பூர் வீதிகளில் நம்மவர் திரண்டனர். புலிகளோடு தொடர்பென்ற பேச்சை அதிகாரிகள் கிளப்பினர். டிசம்பரில் ஐந்து தலைவர்கள் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். 2019 அக்டோபரில் அதே புலிகள் பெயரால் பன்னிருவர் கைதாயினர்; தலைவர்களின் படத்தை வைத்திருப்பதனால் ஒருவன் பயங்கரவாதி ஆகிவிட மாட்டானென்று சொல்லி, 2020 பிப்ரவரியில் அட்டர்னி ஜெனரல் டோமி தாமஸ் வழக்கை மீட்டுக் கொண்டார். உண்மைத் தீவிரவாதிகளே உலகில் இல்லையென்று நாம் சொல்லவில்லை. குண்டு வைக்கிறவன் தீவிரவாதிதான். அதை அவன் செய்கையைக் கொண்டு நீதிமன்றத்தில் ருசுப்படுத்தட்டும். நம் தேநீர்க் கடைகளிலோ எதிர்க்கட்சிப் பத்திரிகையைக் கையில் பிடித்தாலே ஒரு பட்டம் கிடைத்து விடுகிறது. அதைக் கொடுப்பவரும் நம்மவரே.

2019 ஜனவரியில் நம் கேமரன் மலை இடைத்தேர்தலில் ராம்லி முகமட் நோர் வென்றார். நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற் பூர்வகுடி மகன் இவரே, செமாய் வகுப்பினர். அந்தத் தேர்தலில் மலாய்க்காரர் இத்தனை, சீனர் இத்தனை, இந்தியர் இத்தனை, பூர்வகுடிகள் இத்தனை என்று எல்லாக் கட்சியாரும் தலையை எண்ணினார்கள். எண்ணுவதற்கு மட்டும் அவர்களுக்கு ஒரு கட்டம் இருந்தது.

வேறு தேசங்களில் இக்கட்டங்கள் மெல்ல அகன்று வருகின்றன. ஐஸ்லாந்து சர்க்கார் தன் பழைய வடநாட்டுத் தெய்வ வழிபாட்டுச் சங்கத்தை 1973-இல் மதமாக அங்கீகரித்தது. இந்தியாவில் 2011 கணக்கெடுப்பின்போது 49 இலட்சத்துக்கு மேற்பட்ட ஆதிவாசிகள் தங்கள் மதம் ஸர்னா என்று தாங்களே எழுதுவித்தார்கள். அதற்குத் தனிக் கட்டம் வேண்டுமென்று ஜார்க்கண்ட் சட்டசபை 2020 நவம்பரில் தீர்மானமும் செய்தது. நம் நாட்டு அரசமைப்பின் 11-ஆம் ஷரத்து ஒவ்வொருவருக்கும் தன் மதத்தைக் கைக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. அந்த மதத்துக்குப் பெயர் வைப்பவர் கிராணியாயிருக்க வேண்டுமென்று அதில் எங்கும் சொல்லப்படவில்லை.

மறுநாள் பெரட்டு முடிந்ததும் அப்பெரியவரை அழைத்து, “என்ன எழுதட்டும்?” என்று கேட்டோம். நெடுநேரம் யோசித்தார். தங்களுக்குள் அதற்குத் தனிப் பெயர் இல்லையென்றும், வெளியார் கேட்டால் ‘அடாட்’, அதாவது வழக்கம், என்று சொல்வதென்றும் கூறினார். ‘இல்லை’ என்பதை அடித்துவிட்டு அவ்வாறே எழுதி அனுப்பினோம். பட்டியலில் அப்படியொரு மதம் கிடையாதென்று சிவப்பு மையில் குறித்து மேலிடத்திலிருந்து பாரம் திரும்பி வந்தது. வேறொரு பாரம் எடுத்து, மறுபடியும் ‘அடாட்’ என்றே எழுதி அனுப்பியிருக்கிறோம்.