குனிந்து பெருக்குவது யோகா ஆகுமா?

“அந்தக் காலத்துப் பெண்களுக்கு எதற்கு யோகா? அம்மியில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள், கிணற்றில் நீர் இறைத்தார்கள். அதைவிடவா?” ஆண்டுதோறும் ஜூன் 21 அன்று இந்தப் பேச்சு என் கைபேசிக்குத் தவறாமல் வந்துவிடும். கோலம் போடுவதையும் இப்போது ஆசனப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இந்தப் பெருமையைப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் அம்மி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

1930களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் கிருஷ்ணமாச்சாரியார் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். இந்திரா தேவி என்று பின்னாளில் அறியப்பட்ட ஐரோப்பியப் பெண் கேட்டபோது முதலில் மறுத்தார். மன்னரின் சிபாரிசுக்குப் பிறகே சேர்த்துக்கொண்டார். அப்போதும் ஊரெங்கும் அம்மிகள் அரைபட்டுக்கொண்டுதான் இருந்தன. அந்தப் பெண்களை யோகினிகள் என்று யாரும் அழைத்ததாகத் தெரியவில்லை.

உடம்பின் கணக்கிலும் இந்தப் பேச்சு நிற்காது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறைகிறது. தும்மினால் சிறுநீர் கசிகிறது. அதை மகளிடம்கூடச் சொல்வதில்லை. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 3 நாளாவது உடற்சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது, இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்துவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது என்று பொறுமையாகச் செய்யவேண்டியவை இவை. தரை துடைப்பதில் இவை கிடைக்காது. முழங்கால் வலி கிடைக்கும். யோகா என்ற பெயர் இருந்தால் எல்லாம் நல்லது என்றும் சொல்லமாட்டேன். எலும்பு மெலிந்தவர் முதுகை வளைத்துக் கால்விரலைத் தொடப் போனால் முதுகெலும்பு நசுங்கி முறியலாம். இருபது வயதுக்காரிக்கும் அறுபது வயதுக்காரிக்கும் ஒரே பஸ்சிமோத்தாசனத்தைச் சொல்லும் வகுப்பிலிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது.

ஆனால் தசையும் எலும்பும் இருக்கட்டும். அந்த ஒரு மணி நேரம் யாருடையது? 2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறார்கள். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அந்த 299 நிமிடத்தையே யோகா என்று சொல்லிவிட்டால், அவளுக்கென்று தனியாக 60 நிமிடம் ஒதுக்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

எங்கள் தெரு வகுப்பில் பதினோரு பேர். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். பாதியில் போன் வரும், மாத்திரை எங்கே, சாவி எங்கே என்று. பக்கத்துப் பாயில் இருப்பவர் சத்துணவுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கடினமான ஆசனம் எது என்று கேட்டால் சவாசனம் என்பார். “சும்மா மல்லாந்து படுத்தா யாரோ வந்து திட்டப்போற மாதிரியே இருக்கு டீச்சர்.” மாதக் கட்டணம் 300 ரூபாயை மகன் கட்டுகிறார். அம்மா திடமாக இருந்தால்தான் பேரனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியும் என்பது அவர் கணக்கு.

மகன் கெட்டவர் இல்லை. பாட்டிக்கும் பேரன் என்றால் உயிர். அன்பில் போய் இப்படிக் கணக்குப் பார்ப்பதா என்று நீங்கள் கேட்கலாம். கணக்கைத் தொடங்கியது நானில்லை. பிறருக்குப் பயன்படும்வரைதான் ஒரு முழங்காலுக்கு வலு வேண்டும் என்றால், பயன் தீர்ந்தபின் அந்த முழங்கால் வலித்தால் பரவாயில்லை என்றாகிறது. யாரையும் தூக்காத, எதையும் சுமக்காத ஒரு கிழவியின் முதுகு வலியில்லாமல் இருப்பதற்கு, அது அவளுடைய முதுகு என்பது போதாதா?

பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் மகன் பணம் கட்டுவாரா என்று அவரிடமே கேட்டேன். பாயைச் சுருட்டியபடி கொஞ்ச நேரம் யோசித்தார்.

“எதுக்கு அது வரைக்கும்? அடுத்த மாசத்துலேர்ந்து என் பென்ஷன்லயே கட்டிக்கிறேன் டீச்சர்.”